எல்லையில் நின்றவர்களுக்கு ஒரு தாள்: பிரிட்ஜோப் நான்சன் விட்டுச் சென்றது

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் உம்மாவின் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் நகை நட்டு எதுவும் இல்லை. மடிப்புகளில் கிழிந்துபோன ஓர் உலர் உணவு அட்டை, இரண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வாப்பாவின் பழைய அடையாள அட்டை, நானாவின் ஐந்தாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை, இவ்வளவுதான். 1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியபோது எனக்கு எட்டு வயது. மற்றவர்கள் அரிசியையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உம்மா இந்தத் தாள்களைச் சொப்பிங் பேக் ஒன்றில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். எதற்காக அப்படிச் செய்தார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. உணவு அட்டை பின்னர் புத்தளத்தில் கிடைத்ததுதான். ஆனால் அதில் எங்கள் பழைய முகவரி எழுதப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியவேளை ஓர் அலுவலகத்தில் நாங்கள் அந்த ஊரவர்தானா என்று கேட்டார்கள். அப்போது பதில் சொன்னது அந்த அட்டைதான்.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கடலில் கரையொதுங்கியது நினைவிருக்கும். பெண்களும் சிறுவர்களும் நிறைந்த படகு அது. அந்தச் செய்தி வந்த பின்னர் என் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்தச் சனங்களுக்கு எந்த நாட்டு அடையாள அட்டை இருக்கிறது என்று கேட்டாள். எந்த நாட்டினதும் இல்லை என்றேன். அப்படியென்றால் அவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள் என்பது அவளது அடுத்த கேள்வி. அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன இடத்தில்தான் பிரிட்ஜோப் நான்சனை மறுபடியும் சந்தித்தேன்.

மறுபடியும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நூலகத்திலிருந்த பழைய புத்தகம் ஒன்றில் அவரது பெயரைக் கண்டிருக்கிறேன். அதில் அவர் வட துருவத்தை நோக்கிப் போன வீரர் மட்டுமே. அவரது வாழ்வின் கடைசிப் பத்து வருடங்கள் பற்றி அதில் ஏதும் இருந்ததாக ஞாபகமில்லை. எங்களைப் போன்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டியதோ அந்தப் பத்து வருடங்களைத்தான்.

பனியில் கற்றது

நான்சன் 1861 ஒக்டோபர் 10 ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என அழைக்கப்படும் நோர்வேயின் தலைநகருக்கு அருகில் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. சிறுவயதிலிருந்தே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்றார். பேர்கன் நகர நூதனசாலையில் பணியாற்றிக்கொண்டே நரம்பு மண்டலம் பற்றி ஆய்வு செய்து 1888 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே வருடம் அவர் வேறு ஐவருடன் கிறீன்லாந்தின் உட்பகுதியைப் பனிச்சறுக்குகளில் குறுக்காகக் கடந்தார். அதற்கு முன்னர் எவரும் அதனைச் செய்து முடித்திருக்கவில்லை. முன்னர் முயன்றவர்கள் ஆட்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். களைத்தால் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. நான்சன் ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தார். பின்னால் போவதற்கு ஓர் இடமும் இல்லாததால் முன்னால் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மேற்குக் கரையை அடைந்தபோது அந்த வருடத்தின் கடைசிக் கப்பல் தவறிவிட்டது. குளிர்காலம் முழுவதையும் அங்குள்ள இனுயிட் மக்களோடு கழித்து, அவர்களது வாழ்க்கை முறையைக் கற்றுக்கொண்டு 1889 இல் நாடு திரும்பினார்.

1893 இல் பிராம் என்ற கப்பலில் துருவப் பயணம் ஆரம்பமானது. பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலெழும் விதத்தில் அந்தக் கப்பலின் அடிப்பாகம் உருண்டையாகக் கட்டப்பட்டிருந்தது. கப்பலைப் பனியில் உறையவிட்டு, நீரோட்டம் கொண்டு செல்லும் வழியில் மிதந்து செல்வதே அவரது திட்டம். 1895 மார்ச்சில் கப்பலை விட்டிறங்கி, ஜொஹான்சன் என்ற தோழர் ஒருவரோடு நாய்வண்டிகளில் வடக்கே சென்றார். வட அகலக்கோடு 86 பாகை 14 கலை வரை போனார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு தூரம் வடக்கே போனதில்லை. திரும்பும் வழியில் கல்லால் கட்டி வால்ரஸ் தோலால் கூரையிட்ட சிறு குடிலில் குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள். 1896 இல் தற்செயலாக ஓர் ஆங்கிலேய ஆய்வாளரைச் சந்தித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். உலகமே அவரைக் கொண்டாடியது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், பின்னாளில் அரசாங்கங்களின் கதவுகளை அவர் தட்டியபோது அந்தப் பெயர்தான் அவருக்கு உதவியது என்பதே. அகதியின் குரலை எந்த மந்திரியும் கேட்கமாட்டார். துருவத்தை நோக்கிப் போய் வந்தவரின் குரலைக் கேட்டார்கள்.

வீடு திரும்பிய கைதிகள்

1905 இல் நோர்வே சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிநாடானது. அதற்காகப் பேசியவர்களுள் நான்சனும் முக்கியமானவர். 1906 முதல் 1908 வரை லண்டனில் தன் நாட்டின் தூதுவராக இருந்தார். 1907 இல் மனைவி ஏவா காலமானார். பின்னர் கடலியல் பேராசிரியராக ஆய்வுக்குத் திரும்பினார். முதலாம் உலக யுத்தம் அவரை மறுபடியும் வெளியே இழுத்தது. நோர்வேக்கு உணவு கிடைக்காமற்போன நேரத்தில் வொஷிங்டன் சென்று, 1918 இல் அமெரிக்காவுடன் ஓர் உடன்பாட்டைச் செய்து முடித்தார்.

யுத்தம் ஓய்ந்தும் யுத்தக் கைதிகள் வீடு திரும்பவில்லை. ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் ஜேர்மனியர், ஒஸ்திரியர், ஹங்கேரியர் எனப் பல நாட்டவர் அடைபட்டிருந்தனர். மத்திய ஐரோப்பாவில் ரஷ்யக் கைதிகள் இருந்தனர். புதிதாகத் தொடங்கப்பட்ட சர்வதேச சங்கம் 1920 இல் இந்தப் பொறுப்பை நான்சனிடம் கொடுத்தது. சோவியத் அரசு அச்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. எனினும் நான்சன் என்ற தனிமனிதரோடு பேச இணங்கியது. பால்டிக் கடல் வழியாகக் கப்பல்கள் ஓடின. 1922 இல் அவர் கணக்கை ஒப்படைத்தபோது வீடு திரும்பியவர்களின் தொகை 427,886 ஆக இருந்தது. கடைசி ஆறு வரை எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பத்தின் வாசலில் வந்து நின்ற ஒரு மகன் அல்லவா?

கடவுச்சீட்டு இல்லாதவர்களின் கடவுச்சீட்டு

கைதிகளுக்குப் போவதற்கு ஒரு நாடாவது இருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ரஷ்யப் புரட்சியாலும் உள்நாட்டு யுத்தத்தாலும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டை விட்டு ஓடியிருந்தனர். 1920 நவம்பரில் கிரிமியாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர் கப்பல்களில் ஏறிக் கொன்ஸ்டான்டிநோபிளை நோக்கி வந்தார்கள். 1921 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, சர்வதேச சங்கம் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் என்ற பதவியை ஏற்படுத்தி, அதற்கு நான்சனை நியமித்தது. உலகில் அப்படியொரு பதவி அதற்கு முன்னர் இருந்ததில்லை. அந்த டிசம்பரிலேயே சோவியத் அரசு வெளிநாடுகளில் இருந்த இவர்களில் பெருமளவானோரின் குடியுரிமையைப் பறித்துக் கட்டளை பிறப்பித்தது. ஒரே நாளில் அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமற்றவர்களாயினர்.

அக்காலத்து எல்லைகளில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். யுத்தத்துக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டில்லாமலே போய்வர முடிந்தது. யுத்தத்தின் பின்னர் எல்லா எல்லைகளிலும் காவல் போடப்பட்டது. தாளில்லாத ஒருவனைப் பிடித்த நாடு, அவனை இரவோடிரவாக அயல் நாட்டு எல்லைக்குள் தள்ளிவிடும். அந்த நாடோ அவன் சட்டவிரோதமாக நுழைந்தான் என்று சிறையில் போடும். தண்டனை முடிந்ததும் மறுபடியும் எல்லைக்குக் கொண்டுபோய் அடுத்த பக்கம் தள்ளும். அவன் எவரையும் அடிக்கவில்லை, எதையும் களவெடுக்கவில்லை. அவன் நிற்பதற்குச் சட்டத்தில் ஒரு சாண் நிலம் இல்லை, குற்றம் அவ்வளவுதான். தண்டிக்கும் நாட்டின் நீதிமன்றத்தில் அவனுக்காகப் பேசத் தூதரகமும் கிடையாது.

நான்சன் இந்த இடத்தில் பெரிய தத்துவம் எதையும் பேசவில்லை. நடைமுறையாக ஒன்றைச் செய்தார். 1922 யூலையில் ஜெனீவாவில் அரசாங்கங்களின் மாநாட்டைக் கூட்டி, அகதி தற்போது தங்கியிருக்கும் நாடே அவனுக்கு ஓர் அடையாளச் சான்றிதழ் வழங்க வேண்டும், மற்றைய நாடுகள் அதனை ஏற்க வேண்டும் என்று இணங்கச் செய்தார். அதுவே நான்சன் கடவுச்சீட்டு எனப் பெயர் பெற்றது. காலப்போக்கில் 50 க்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் அதனை அங்கீகரித்தன. ஏறத்தாழ 450,000 சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபகோவ் போன்றோர் அதனை வைத்திருந்தவர்கள். பெயர் தெரியாத தையற்காரர்கள், சாரதிகள், விதவைத் தாய்மார் கையில் அது இருந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தத் தாளின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அது குடியுரிமை தரவில்லை. தொடக்கத்தில், வழங்கிய நாட்டுக்குத் திரும்பிவரும் உரிமையைக்கூடத் தரவில்லை. ஒருவன் அதனைக் காட்டி வெளியே போகலாம், திரும்பும்போது வாசல் அடைபட்டிருக்கலாம். எந்த நாடும் உள்ளே விட்டேயாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1926 இல் மறுபடியும் மாநாடு கூடி, திரும்பிவரும் அனுமதியையும் சேர்த்து வழங்குமாறு அரசாங்கங்களைக் கேட்டது. அதே மாநாட்டின்படி, வசதியுள்ள அகதிகள் ஐந்து தங்கப் பிராங்க் பெறுமதியான முத்திரை ஒன்றை வாங்கித் தாளில் ஒட்டவேண்டும், அந்தப் பணம் வசதியற்ற அகதிகளுக்கு உதவும் என்று ஏற்பாடானது. முத்திரையில் நான்சனின் உருவம் இருந்தது. 1924 இல் இந்தத் திட்டம் ஆர்மேனியர்களுக்கும், 1928 இல் அசிரியர்கள் உள்ளிட்ட வேறு சிலருக்கும் விரிவாக்கப்பட்டது. பெயர் குறிக்கப்பட்ட இந்தக் கூட்டங்களைச் சேராத அகதி அப்போதும் வெளியேதான் நின்றான்.

பஞ்சமும் ஒரு பெரும் பிழையும்

1921 இல் வொல்கா நதிப் பிரதேசத்தில் கொடிய பஞ்சம் பரவியது. ரஷ்யர்களோடு தாத்தாரியர், பாஷ்கிரியர் என முஸ்லிம் சமூகங்களும் அதில் அழிந்தன. நான்சன் சர்வதேச சங்கத்தின் பேரவையில் எழுந்து உதவி கேட்டார். சோவியத் அரசுக்குப் பலம் சேர்ந்துவிடும் என்று அஞ்சிய நாடுகள் பணம் தர மறுத்தன. அவர் நேரே பஞ்சப் பிரதேசத்துக்குப் போனார். அங்கு எடுத்த படங்களோடு ஐரோப்பாவின் மண்டபங்களில் பேசிப் பேசிப் பொதுமக்களிடம் பணம் சேர்த்தார். அமெரிக்க நிவாரண அமைப்பு அதைவிடப் பெரிய அளவில் உணவளித்தது. எனினும் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1922 இல் நான்சனுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை நிவாரணப் பணிக்கே செலவிட்டார்.

இத்தோடு கதையை நிறுத்தினால் அவரை ஒரு மகானாக்கிவிடலாம். ஆனால் எங்களைப் போல் விரட்டப்பட்டவர்கள் தாண்டிப் போகக்கூடாத ஓர் அத்தியாயம் அவர் வாழ்வில் இருக்கிறது.

1922 இல் கிரேக்கம் துருக்கியிடம் தோற்றது. இலட்சக்கணக்கான ஒர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் அனத்தோலியாவிலிருந்து கிரேக்கத்துக்கு ஓடினார்கள். அவர்களுக்கு உதவப் போன நான்சன், இரு நாடுகளும் தமது சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொள்ளலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அந்த எண்ணம் அவருடையது மட்டுமல்ல, இரு அரசாங்கங்களும் அதை விரும்பின. 1923 ஜனவரி 30 இல் லொசானில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏற்கெனவே ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மூன்றரை முதல் நான்கு இலட்சம் முஸ்லிம்கள் மறுபக்கம். மேற்குத் திரேசிலிருந்த முஸ்லிம்களுக்கும் இஸ்தான்புல்லின் கிரேக்கர்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இது கட்டாயம். விருப்பமா என்று எவரையும் கேட்கவில்லை.

அளவுகோல் மொழியல்ல, மார்க்கம். கிரீட் தீவின் முஸ்லிம்களில் மிகப் பலருக்குக் கிரேக்கம்தான் தாய்மொழி. அவர்கள் தெரியாத மொழி பேசும் நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளிவாசல்களையும் மையவாடிகளையும் விட்டுவிட்டு வந்த அந்த முஸ்லிம்களைப் படிக்கும்போது எங்கள் ஊர்தான் கண்முன் வந்தது. நாங்களும் தமிழ் பேசியவர்கள், தமிழ் பேசும் மண்ணிலிருந்து முஸ்லிம் என்பதற்காக அனுப்பப்பட்டவர்கள். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டோம். எங்களை அனுப்பியவர்கள் துவக்கைக் காட்டினார்கள். அவர்களை அனுப்பியவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்.

நான்சன் கொடுமைக்காரர் அல்லர். கொலைகளை நிறுத்த வேறு வழி தெரியாமல் அவர் இதற்குத் துணைபோனார் என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. என்றாலும் அரசாங்கங்களோடு பேசிப் பழகிய ஒருவர், அரசாங்கங்களின் கண்ணாலேயே மக்களைப் பார்க்கத் தொடங்கும் ஆபத்து இதில் தெரிகிறது. சர்வதேச அமைப்புகளை நம்பிப் போகும் நாம் இதனை மறக்கக்கூடாது. அங்கே அமர்ந்திருப்போரும் அரசாங்கங்களால் அனுப்பப்பட்டவர்களே. பாதிக்கப்பட்டவன் தானே பேசாவிட்டால், அவனுக்கு நல்லது என்று மற்றவர்கள் தீர்மானிப்பதுதான் நடக்கும்.

பின்னைய வருடங்களில் ஆர்மேனிய அகதிகளைக் குடியமர்த்த அவர் பெரும்பாடுபட்டார். 1925 இல் சோவியத் ஆர்மேனியாவுக்குச் சென்று நீர்ப்பாசனத் திட்டம் ஒன்றை வரைந்தார். அதற்கு வேண்டிய கடனை எந்தப் பெரிய நாடும் தரவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்த மனிதராகவே 1930 மே 13 ஆம் திகதி தன் வீட்டில் காலமானார். நோர்வேயின் தேசிய தினமான மே 17 இல் அரச மரியாதையோடு இறுதி நிகழ்வு நடந்தது.

அவருக்குப் பின் வந்தவை

அவர் மறைந்த பின் அவர் பெயரில் அமைந்த அகதிகள் அலுவலகம் பணியைத் தொடர்ந்து, 1938 இல் தானும் நோபல் பரிசு பெற்றது. அதைவிட முக்கியமானது 1933 இன் அகதிகள் சமவாயம். தம் நாட்டில் ஒழுங்காகத் தங்க அனுமதிக்கப்பட்ட அகதியைப் பொலிஸ் நடவடிக்கையால் வெளியேற்றவோ எல்லையில் தடுத்துத் திருப்பவோ கூடாது என்று சர்வதேசச் சட்டத்தில் முதன்முதல் எழுதப்பட்டது அதில்தான். கையொப்பமிட்டு ஏற்ற நாடுகள் பத்துக்கும் குறைவு. ஆனாலும் விதை போடப்பட்டுவிட்டது. 1951 இன் அகதிகள் சமவாயத்தில், உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற 33 ஆம் உறுப்புரையாக அது முளைத்தது. இன்றைய ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் நான்சனின் பெயரிலேயே வருடந்தோறும் விருது வழங்குகிறது.

இனி என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இலங்கை 1951 சமவாயத்தில் இணையவில்லை. அதனால் ரோஹிங்கியாக்களைத் திருப்பி அனுப்பலாம் என்று அர்த்தமாகாது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை நாம் 1994 இல் ஏற்றோம். சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரை அனுப்பக்கூடாது என்று அதன் 3 ஆம் உறுப்புரை சொல்கிறது. சமவாயத்தில் இணையாத நாடு என்று கைகழுவ முடியாது என்பதை நம் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் அறிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அவுஸ்திரேலியா, அகதிகள் என்று தானே ஏற்றுக்கொண்ட 46 பேரைப் பாதுகாப்புக் காரணம் என்று கூறிக் காலவரையறையின்றித் தடுத்து வைத்திருந்தது. காரணத்தின் விபரம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர். ரோஹிங்கியரும் இருந்தனர். உள்நாட்டில் வழி கிடைக்காமல் அவர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார்கள். அந்தத் தடுத்துவைப்பு எதேச்சையானது, சர்வதேச உடன்படிக்கைக்கு முரணானது என்று 2013 இல் குழு முடிவு கூறியது. மறுநாள் காலையில் சிறைக்கதவு திறக்கவில்லை. குழுவிடம் பொலிசும் இல்லை, பூட்டுச் சாவியும் இல்லை. ஆனால் அந்த முடிவு பதிவாகிவிட்டது. சட்டத்தரணிகளும் ஊடகங்களும் அதனைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அடுத்து வந்த வருடங்களில் பலர் விடுவிக்கப்பட்டார்கள்.

எமது சமூகமும் இதனை அனுபவித்திருக்கிறது. கொரோனா காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நாம் நாட்டுக்குள்ளே அழுதோம், நீதிமன்றம் போனோம், ஜெனீவாவுக்கும் எழுதினோம். ஐ.நா. நிபுணர்கள் குரல் கொடுத்தார்கள், முஸ்லிம் நாடுகள் பேசின. மனித உரிமைப் பேரவையின் அமர்வு நடந்துகொண்டிருந்த 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. ஜெனீவா தனியே அதைச் செய்யவில்லை. வீட்டுக்குள் எழுந்த குரலும் வெளியே எழுந்த குரலும் சேர்ந்தே செய்தன.

வழிகள் அடைபடுவதும் உண்டு. தனிநபர்கள் ஐ.நா. குழுவிடம் முறையிட இடமளிக்கும் நெறிமுறையில் இலங்கை 1997 இல் இணைந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் செல்லாது என்று 2006 இல் எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நான் எவருக்கும் வெறும் நம்பிக்கையை விற்க வரவில்லை. இந்த அமைப்புகள் மெதுவானவை, அரசாங்கங்கள் இணங்கினால் ஒழிய வலுவற்றவை. ஆனால் அவை கேட்கும் முதற் பொருள் எல்லோரிடமும் இருக்கக்கூடிய ஒன்று: பதிவு. பெயர் என்ன, எந்தத் திகதி, எந்த இடம், யார் என்ன செய்தார், கண்டவர் யார், உள்நாட்டில் எங்கு முறையிட்டீர்கள், என்ன பதில் வந்தது. இவையில்லாமல் எந்தக் குழுவாலும் எதுவும் செய்ய இயலாது. 427,886 என்று கடைசி ஆறு வரை எண்ணியவர்களின் பொறுமை இதற்கு வேண்டும்.

இதைச் சொல்லும்போது வெட்கமும் வருகிறது. 1990 இல் வெளியேற்றப்பட்ட எங்கள் சமூகத்திடம் அந்தப் பதிவு முழுமையாக இல்லை. வள்ளத்தில் வரும்போது இறந்த குழந்தைகள் யார், எந்த வீட்டில் என்ன விடப்பட்டது, எந்தக் காணி எவருடையது என்பதெல்லாம் பெரும்பாலும் வயதானவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சாட்சியம் மண்ணுக்குள் போகிறது. நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர் சங்கங்களும் ஒரு கொப்பியையும் ஒரு தொலைபேசியையும் வைத்துக்கொண்டு இன்றே தொடங்கலாம். அதற்கு ஜெனீவாவின் அனுமதி தேவையில்லை.

அடுத்த பாடவேளையில் என் மாணவிக்கு நான்சனின் கதையைச் சொன்னேன், அவரது பிழையையும் மறைக்காமல். வகுப்பிலிருந்த எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் 1990 பற்றிக் கேட்டு, திகதியோடும் இடத்தோடும் எழுதி வர வேண்டும். கேட்டவை அப்படியே இருக்க வேண்டும், சொந்தமாக எதையும் சேர்க்கக்கூடாது. முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தாறு பேர் எழுதி வந்தார்கள். நானும் அன்றிரவு உம்மாவின் அருகில் கொப்பியோடு அமர்ந்தேன். பெட்டியைத் திறந்து அந்த உணவு அட்டையைக் கையில் கொடுத்தேன். வள்ளக்காரரின் பெயர் இன்னும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதை எழுதிக்கொண்டேன்.